தம்பிக்குப் பெண் பார்க்கிறோம்: நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை இப்போது நிறுத்தலாமா?

கேள்வி: வடசென்னை அக்கா

அனைவருக்கும் வணக்கம். என் தம்பியைப் பற்றிக் கேட்பதற்காக எழுதுகிறேன். அவனுக்கு வயது 27. இருசக்கர வாகனப் பணிமனை ஒன்றில் மெக்கானிக்காக வேலை செய்கிறான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வண்டியிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தபோது, வலி தாங்காமல் வாங்கிப் போட்ட டாபென்டடால் மாத்திரையில் எல்லாம் தொடங்கியது. ஆறே மாதத்தில், நண்பர்களோடு சேர்ந்து அதே மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் நிலைக்குப் போய்விட்டான். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கிறானே என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்த பிறகுதான் எங்களுக்கு உண்மை தெரிந்தது.

முதலில் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். 45 நாள் வைத்திருந்தார்கள். அங்கே மருந்து என்று எதுவும் தரவில்லை. முதல் வாரம் முழுவதும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கால் குடைச்சலுமாகக் கிடந்ததாகப் பிறகு சொன்னான். ஆனால் வெளியே வந்தபோது முகம் தெளிந்து பழைய தம்பியாகத் தெரிந்தான். இனிமேல் பயமில்லை என்று கோயிலுக்குப் போய் நேர்த்திக்கடன் கூடச் செலுத்தினோம். பதினோராம் நாள் இரவு கழிவறைக் கதவைத் தட்டினேன், பதில் வரவில்லை. கதவை உடைத்துத் திறந்தபோது சுவரோடு சாய்ந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. குறட்டை போன்ற ஒரு சத்தம் வரும், நின்றுவிடும். நான் எண்ணிக்கொண்டே இருப்பேன், மறுபடியும் ஒரு மூச்சு வரும். 108 வண்டி வந்து, மருத்துவமனையில் ஊசி போட்ட பிறகுதான் கண் விழித்தான். எழுந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, “எப்போதும் போடுகிற அளவுதான் அக்கா போட்டேன்.”

அதன் பிறகு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டினோம். அங்கே புப்ரெனார்பினும் நலோக்சோனும் சேர்ந்த மாத்திரையைத் தொடங்கினார்கள். தினமும் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். இன்றைக்கு 14 மாதம் ஆகிறது. வேலைக்கு ஒரு நாள் தவறுவதில்லை. சம்பளத்தை அம்மாவிடம் கொடுக்கிறான். என் மூன்று வயதுக் குழந்தைக்கு மாமா வந்தால்தான் சோறு இறங்கும்.

இப்போது அவனுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. தை மாதம் முகூர்த்தம் வைக்கலாம் என்கிறார்கள். அப்பாவோ, “மாத்திரையால் ஓடுகிற பிள்ளை என்று எப்படிச் சபையில் சொல்வது? ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்குத்தானே போயிருக்கிறான்? கல்யாணத்துக்கு முன்னால் நிறுத்தச் சொல்” என்று தினமும் பேசுகிறார். அப்பாவின் பேச்சைத் தாங்காமல் தம்பி மருத்துவரிடம் சொல்லாமலேயே 8 மில்லிகிராமைப் பாதியாகக் குறைத்துக்கொண்டான். பத்து நாளாக இரவில் தூங்குவதில்லை. ஓயாமல் கொட்டாவி விடுகிறான், கண்ணில் நீர் வடிகிறது.

நிறுத்துவது சரியா? எத்தனை ஆண்டுகள் எடுக்க வேண்டும்? அப்பா சொல்வதுபோல் இதுவும் போதைதானா? பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மறுமொழி 1: ஓய்வு பெற்ற மனநல மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு, அரசுப் பணியில் இருந்தபோது உங்கள் தம்பியைப் போன்ற பலருக்கு இந்த மாத்திரையைத் தொடங்கியும், குறைத்தும், சிலருக்கு நிறுத்தியும் இருக்கிறேன். அவரை நேரில் பார்க்காமல் அளவு சொல்வது முறையல்ல. ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: நாளைக் காலையிலேயே அவரை அழைத்துக்கொண்டு அதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், தானாகக் குறைத்துக்கொண்டதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கொட்டாவியும் கண்ணில் நீர் வடிதலும் தூக்கமின்மையும் உடம்பில் மருந்து போதவில்லை என்பதைக் காட்டுகின்றன. இந்தப் பத்து நாளில் பழைய மாத்திரையை ஒரு முறையாவது தொட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை உடம்பில் நிறைந்திருக்கும் வேளையில் புப்ரெனார்பினைப் போட்டால், அது பழையதை மூளையின் இடங்களிலிருந்து தள்ளிவிட்டுக் கடுமையான குடைச்சலையும் வாந்தியையும் ஒரே நேரத்தில் வரவழைத்துவிடக்கூடும்.

அந்தப் பதினோராம் நாள் இரவுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. அபின் வகையைச் சேர்ந்த எந்தப் பொருளையும் நாள்தோறும் எடுத்தால் உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது. மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியும் பழகிவிடுவதால், புதியவர் ஒருவரைக் கொன்றுவிடக்கூடிய அளவைக்கூடப் பழகியவர் தாங்கிக்கொள்வார். 45 நாள் எதுவும் எடுக்காமல் இருந்தபோது அந்தத் தாங்கும் சக்தி கரைந்துபோய்விட்டது; ஆசை மட்டும் கரையவில்லை. ஆகவே அவர் சொன்னது முழு உண்மை. எப்போதும் போடுகிற அளவைத்தான் போட்டார், ஆனால் அதைத் தாங்கும் உடம்பு அவரிடம் இல்லை. சிறையிலிருந்தும் மறுவாழ்வு மையங்களிலிருந்தும் வெளியே வரும் முதல் சில வாரங்களில் மரணம் அதிகமாக நிகழ்வதற்கு இதுவே முதன்மையான காரணம். மாத்திரையை இப்போது திடீரென்று நிறுத்தினால், சில வாரங்களில் அவரது உடம்பு அதே பதினோராம் நாளின் நிலைக்குத் திரும்பிவிடும்.

அடுத்து, இதுவும் போதைதானா என்ற கேள்வி. அப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஏனெனில் புப்ரெனார்பினும் அபின் வகையைச் சேர்ந்ததுதான். திடீரென்று நிறுத்தினால் உடம்பு வருந்தும். ஆனால் அது வேலை செய்யும் விதம் வேறு. டாபென்டடாலும் ஹெராயினும் மூளையில் போய் ஒட்டும் அதே இடத்தில் இதுவும் ஒட்டுகிறது. மற்றவற்றைவிட இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆனால் அந்த இடத்தைப் பாதியளவே தூண்டுகிறது. அதனால் குடைச்சலும் ஏக்கமும் அடங்கிவிடுகின்றன, தலைக்கு ஏறும் கிறக்கம் மட்டும் வருவதில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் அளவைக் கூட்டினாலும் அதன் வேகம் கூடுவதில்லை என்பதால் தனியாக எடுக்கும்போது மூச்சு நின்றுபோகும் ஆபத்து மிகவும் குறைவு. மதுவோடோ தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்; இதைத் தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள். உடம்பிலிருந்து மெதுவாகவே வெளியேறுவதால் ஒரு நாளைக்கு ஒரு முறை போதுமானது. காலையில் அதைப் போட்டுக்கொண்ட மனிதர் மாலை வரை அதை மறந்து பட்டறையில் சங்கிலியை மாட்டிக்கொண்டிருக்கலாம். போதையில் இருப்பவரால் மறக்க முடியாது. அடுத்த ஊசி எங்கே கிடைக்கும் என்பதே அவரது முழு நாளாகிவிடும். பொழுது எதில் கழிகிறது என்று கேட்டாலே நோய்க்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாடு புரிந்துவிடும்.

நலோக்சோன் எதற்காகச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் அப்பாவுக்குச் சொல்லுங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும்போது அது ஏறக்குறைய உடம்பில் சேர்வதில்லை. ஆனால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் உடனே வேலை செய்து, போதைப் பொருளின் வேகத்தைத் தடுத்துவிடும். தவறாகப் பயன்படுத்தாமல் இருப்பதற்காகவே வைத்த பூட்டு அது. மூச்சுத் திணறிக் கிடந்தபோது உயிர் காத்த ஊசியும் பெரும்பாலும் இந்த நலோக்சோனாகவே இருந்திருக்கும்.

எவ்வளவு காலம் என்று கேட்டிருக்கிறீர்கள். காலக்கெடு வைத்து நிறுத்துவதைத்தான் நான் எதிர்க்கிறேன். 2011 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் வலி நிவாரணி மாத்திரைகளுக்கு அடிமையான 653 பேர் இருந்தார்கள். உங்கள் தம்பியின் பிரச்சினையும் அதுவே. அவர்களில் 12 வாரம் புப்ரெனார்பின்–நலோக்சோன் எடுத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தச் சமயத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். படிப்படியாகக் குறைத்து நிறுத்திய எட்டு வாரத்துக்குப் பிறகு பார்த்தால் 100 பேரில் 9 பேர்கூட அந்த நிலையில் இல்லை. சுவீடனில் நடந்து 2003 இல் வெளியான ஆய்வு இன்னும் மனத்தை உலுக்கும். ஹெராயினுக்கு அடிமையான 40 பேரில் 20 பேருக்கு ஓர் ஆண்டு முழுவதும் புப்ரெனார்பின் தரப்பட்டது; மற்ற 20 பேருக்கு ஆறே நாளில் குறைத்து நிறுத்திவிட்டு வெற்று மாத்திரை தரப்பட்டது. ஆலோசனையும் ஆதரவும் இரு தரப்புக்கும் ஒரே மாதிரிதான். ஆண்டு முடிவில் முதல் குழுவில் 15 பேர் சிகிச்சையில் நிலைத்திருந்தார்கள். இரண்டாம் குழுவில் ஒருவர்கூட இல்லை, நால்வர் இறந்துபோயிருந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2005 ஆம் ஆண்டு முதல் இந்த மருந்தையும், இதே நோக்கத்துக்குத் தரப்படும் மெத்தடோனையும் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் வைத்திருப்பதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களே காரணம்.

ஒருநாள் நிறுத்தவே முடியாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வேலை, உறவு, தூக்கம், நண்பர் வட்டம் எல்லாம் ஆண்டுக்கணக்கில் நிலைபெற்ற பிறகு, அவரே விரும்பினால், பல மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். தடுமாறினால் வெட்கப்படாமல் பழைய அளவுக்குத் திரும்பலாம். சிலர் நீண்ட காலம் எடுத்துக்கொண்டே நன்றாக வாழ்கிறார்கள். திருமணம் என்பது மகிழ்ச்சியாக இருந்தாலும் செலவு, உறவினர் பேச்சு, புது வாழ்க்கை என்று மனத்தை அலைக்கழிக்கும் காலம். நிறுத்திப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமற்ற காலத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் ஊசி போட்டிருக்கிறார், பலரோடு சேர்ந்து போட்டிருக்கிறார். திருமணத்துக்கு முன்பு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய மூன்று பரிசோதனைகளும் கட்டாயம் வேண்டும். சிகிச்சையின் தொடக்கத்தில் செய்திருக்கக்கூடும். பழைய முடிவுகளைத் தேடி எடுங்கள், ஆனாலும் இப்போது மறுபடியும் பாருங்கள். ஊசியை விட்டு 14 மாதம் ஆகிவிட்டதென்றால் இப்போது வரும் முடிவை நம்பலாம். எச்.ஐ.வி. பரிசோதனையை அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகவும் இரகசியமாகவும் செய்துகொள்ளலாம். ஹெபடைடிஸ் சி இருந்தால்கூட இடிந்துபோக வேண்டாம். 2018 இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைகளைப் பெரும்பாலும் 12 வாரம் சாப்பிட்டால் பெரும்பான்மையோருக்கு அது முழுமையாகக் குணமாகிவிடுகிறது. ஹெபடைடிஸ் பி என்றால் மணப்பெண்ணுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக் காக்கலாம். மாத்திரையைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பதை நிதானமாகப் பேசி முடிவெடுங்கள். பரிசோதனையைத் தள்ளிப்போட உங்களில் யாருக்கும் உரிமை இல்லை.

மறுமொழி 2: ஆறாம் ஆண்டு

அக்கா, உங்கள் தம்பி எடுக்கும் அதே மாத்திரையை ஆறாவது ஆண்டாக நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

தொடக்கத்தில் நான் தினமும் இந்த மாத்திரையைத் தரும் மையத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். செவிலியர் மாத்திரையைப் பொடியாக்கி நாக்குக்கு அடியில் போடுவார். பத்து நிமிடம் பேசக்கூடாது, எச்சிலை விழுங்கக்கூடாது. சுவரோரம் போட்ட பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கசப்பு தொண்டை வரை ஊறும். எழுந்து போகும்போது வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். முதல் மாதம் அது எனக்கு மிகுந்த அவமானமாக இருந்தது. ஆனால் அதே பெஞ்சில்தான், ஊசியைத் தேடாமல் பத்து நிமிடம் ஓரிடத்தில் அமைதியாக உட்கார முடிகிறது என்பதைப் பல ஆண்டுகளில் முதல் முறையாக உணர்ந்தேன். இப்போது வாரத்துக்கான மாத்திரையை வீட்டுக்கே தருகிறார்கள். தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள்: மாத்திரை கரைந்து முடிந்ததும் வாயில் தண்ணீர் வைத்துக் கொப்பளித்து விழுங்கிவிட வேண்டும், ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும். இது தெரியாமல் நான் இரண்டு கடைவாய்ப் பற்களை இழந்தேன். மலச்சிக்கலும் வியர்வையும் சிலருக்கு இருக்கும். கீரையும் தண்ணீரும் எனக்கு உதவின.

என் மனைவியிடம் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொன்னேன். என் அண்ணன் வேண்டவே வேண்டாம் என்றார். ஆனால் நாக்குக்கு அடியில் மாத்திரையோடு பத்து நிமிடம் ஊமையாக உட்கார்ந்திருப்பதை ஒரே அறையில் வாழப்போகும் பெண்ணிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்? அவள் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு என்னோடு மையத்துக்கு வந்து, மருத்துவரிடம் அரை மணி நேரம் தானே கேள்வி கேட்டாள். பிள்ளை பிறக்குமா, வேலைக்குப் போவாரா, மறுபடியும் விழுந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று கேள்விகள். மூன்றாவது கேள்வியைக் கேட்ட அந்த நிமிடத்தில், எனக்குத் துணை கிடைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அவளிடம் மறைத்திருந்தால், இரண்டாம் ஆண்டில் அப்பா இறந்தபோது எனக்கு வந்த தடுமாற்றத்தை யாரிடம் சொல்லியிருப்பேன்?

ஒரு முறை நானும் நிறுத்திப் பார்த்தேன், நான்கு மாதத்தில் குறைத்தேன். கடைசி 2 மில்லிகிராமை விட்ட மூன்றாம் வாரம் பழைய தெருவில் போய் நின்றேன். எதுவும் வாங்கவில்லை, அங்கிருந்தே மையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுநாள் மாத்திரையை மீண்டும் தொடங்கினார்கள், யாரும் என்னைத் திட்டவில்லை.

மறுமொழி 3: பதினேழு ஆண்டுத் தெளிவு

நான் மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன், யாரும் வருந்த வேண்டாம். நான் பிரவுன் சுகர் என்னும் மட்டரக ஹெராயினிலிருந்து எந்த மருந்தும் இல்லாமல் மீண்டவன். போதையிலிருந்து மீள்வோர் கூடும் கூட்டங்களும் வழிகாட்டியும் இறை நம்பிக்கையும் என்னைக் காத்தன. மேலும் நான் 1990களில் சென்னைத் தெருக்களில் இருந்தவன். இதே புப்ரெனார்பினை ஊசி மருந்தாக வாங்கி, தூக்க மருந்தோடும் ஒவ்வாமை மருந்தோடும் கலந்து ஏற்றிக்கொண்டு செத்த நண்பர்களை என் தோளில் சுமந்திருக்கிறேன். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு உடல் நடுங்குகிறது. போதையே தராமல், போதைப் பொருள் வேலை செய்வதைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் என்று ஒரு மாத்திரை இருக்கிறதே, அதைத் தந்தால் என்ன? வாழ்நாள் முழுவதும் ஒரு மருந்தின் பிடியில் இருப்பது விடுதலையா என்று கேட்கத் தோன்றுகிறது.

மறுமொழி 4: ஓய்வு பெற்ற மனநல மருத்துவர்

ஐயா, நீங்கள் சுமந்த நண்பர்களில் சிலர் நான் பணியில் சேர்ந்த புதிதில் என் வார்டிலும் இருந்திருப்பார்கள். நீங்கள் சொல்வது நடந்தது. கடைகளில் எளிதாகக் கிடைத்த ஊசி மருந்தாக அது அன்று பல இந்திய நகரங்களில் பலரை அழித்தது. அந்த வடுவினால்தான் மருத்துவர்களிலேயே பலர் இந்த மருந்தை நம்ப நெடுங்காலம் எடுத்துக்கொண்டார்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் வடிவமும், நலோக்சோன் சேர்ப்பும், கண்முன்னே கரைய விடும் முறையும் அந்த அனுபவத்துக்குப் பதிலாகவே அமைந்தவை. எந்தப் பூட்டையும் உடைக்க முயல்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள் என்பதையும் மறுக்கவில்லை.

நால்ட்ரெக்சோன் நல்ல மருந்து, அதற்கு உரிய ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் அதைத் தொடங்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை அபின் வகைப் பொருள் எதுவும் உடம்பில் இல்லாமல் இருக்க வேண்டும்; புப்ரெனார்பின் எடுத்தவர்களுக்கு இரண்டு வாரம் வரைகூட ஆகலாம். அது ஏக்கத்தையும் குடைச்சலையும் அடக்குவதில்லை. வாய்வழி மாத்திரையை நான்கு நாள் மறந்தாலோ மறந்ததாகக் காட்டிக்கொண்டாலோ தடுப்பு போய்விடும். அப்போது தாங்கும் சக்தியும் இருக்காது. நான் தந்தவர்களில், யாராவது நாள்தோறும் நின்று கண்காணித்த வீடுகளில்தான் அது நிலைத்தது. 14 மாதம் நன்றாக இருக்கும் ஒருவரை அதற்கு மாற்ற எனக்கு மனம் வராது.

நீங்கள் மருந்தின்றி மீண்டது பெரிய சாதனை. நீங்கள் செல்லும் கூட்டங்களுக்கு இந்தத் தம்பியும் மாத்திரையோடு வரட்டும், அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மருந்து ஏக்கத்தை அடக்கும். பட்டறை முடிந்த பிறகான மாலை நேரத்தை நிரப்ப மனிதர்கள் வேண்டும்.

மறுமொழி 5: கிள்ளான் வாசகர்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2005 முதல் அரசாங்கமே மெத்தடோன் கொடுக்கிறது. என் மூத்த சகோதரர் தோட்டத்தில் வளர்ந்தவர். லாரி ஓட்டிய காலத்தில் ஹெராயினுக்குப் பழகி, இரண்டு முறை உள்ளே போய் வந்தவர். பல ஆண்டுகளாக அரசாங்கக் கிளினிக்கில் மெத்தடோன் குடிக்கிறார். அது திரவ மருந்து. மருந்தாளுநர் முன்னாலேயே குடித்து, விழுங்கிவிட்டதைக் காட்ட இரண்டு வார்த்தை பேச வேண்டும். நிலையானவர்களுக்குச் சில நாட்களுக்கான போத்தல்களை வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். மெத்தடோனில் இதயத் துடிப்பின் போக்கு மாறக்கூடும் என்பதால் ஈசிஜி எடுத்துப் பார்க்கிறார்கள். அவர் எங்கள் அம்மாவின் கடைசி இரண்டு ஆண்டுகளில் உடனிருந்து குளிப்பாட்டி, சோறு ஊட்டிப் பார்த்துக்கொண்டார். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். மகன் மருந்து சாப்பிடுகிறான் என்பதை நாங்கள் இரத்த அழுத்த மாத்திரை மாதிரியே எடுத்துக்கொள்ளப் பழகினோம், ஆனால் பழகுவதற்கு எங்களுக்கும் நான்கைந்து ஆண்டு ஆனது.

மறுமொழி 6: வடசென்னை அக்கா

எல்லாருக்கும் நன்றி. மறுநாளே போனோம். எதிர்பாராத விதமாக அப்பாவும் உடன் வந்தார். மருத்துவர் கேட்டபோது, தூங்க முடியாத ஓர் இரவில் நண்பனுக்குத் தொலைபேசியில் பேசியதாகவும், மாத்திரை கைக்கு வருவதற்குள் மனம் மாறி வீட்டுக்கு வந்துவிட்டதாகவும் தம்பி சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா வெளியே போய்விட்டார். திரும்பி வந்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, “எத்தனை வருடம் வேண்டுமானாலும் தருவீர்களா டாக்டர்?” என்பதுதான். பழைய அளவையே மறுபடியும் தொடங்கியிருக்கிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து தூங்குகிறான்.

எச்.ஐ.வி. இல்லை, ஹெபடைடிஸ் பி இல்லை. சி இருப்பதாக முதல் பரிசோதனை காட்டுகிறது. இரத்தத்தில் வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்று பார்க்க அடுத்த பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முகூர்த்தத்தைத் தள்ளிவைத்திருக்கிறோம். பெண்ணிடம் தம்பியே நேரில் சொல்லிவிட்டான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. ஆறாம் ஆண்டு நண்பரே, உங்கள் மனைவி கேட்ட மூன்று கேள்விகளை அவனிடம் படித்துக் காட்டினேன்.

இன்னும் ஒரு சந்தேகம். பொங்கலுக்குத் தொடர்ந்து விடுமுறை வருவதால் சில நாளுக்கான மாத்திரையை வீட்டுக்குத் தருவதாகச் சொன்னார்கள். எங்கே வைப்பது?

மறுமொழி 7: ஓய்வு பெற்ற மனநல மருத்துவர்

பூட்டுள்ள பெட்டியில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள் அம்மா. சாவி தம்பியிடமோ உங்களிடமோ இருக்கட்டும். சாமி அலமாரி, தலையணை அடி, சட்டைப் பை ஆகிய மூன்றும் வேண்டாம். பெரியவருக்குப் பாதுகாப்பான ஒரே ஒரு மாத்திரை மூன்று வயதுக் குழந்தையின் மூச்சை நிறுத்திவிடும். உடனே எதுவும் தெரியாமல் பல மணி நேரம் கழித்துக்கூட அது நிகழலாம். குழந்தை வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தாலே, நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போய் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். வெற்று அட்டைகளையும் எண்ணி மையத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஹெபடைடிஸ் சி பரிசோதனையின் முடிவு வந்ததும் எழுதுங்கள்.